நூலக வழிகாட்டல்

நூலக வழிகாட்டல் என்பது, பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கு வருவோர் தமக்கு வேண்டிய நூலையோ பிரிவையோ தாமே சென்றடையுமாறு தளவரைபடம், பெயர்ப்பலகை, அடுக்குக் குறிப்பு, பணியாளர் உதவி ஆகியவற்றை இணைத்து அமைக்கும் ஏற்பாடாகும். நூல்களைப் பணியாளரே எடுத்துத் தரும் மூடிய அடுக்கு முறையில் இதன் தேவை குறைவு. வாசகரே அடுக்குகளிடையே நடந்து தேடும் திறந்த அடுக்கு முறையில் இது இன்றியமையாததாகிறது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதாகும். அடுக்குகளுக்கான வழிகாட்டிப் பலகைகளின் தேவை இவ்விதியிலிருந்தே பெறப்படுகிறது.

நூலின் பொருளையும் அடுக்கில் அதன் இடத்தையும் ஒருங்கே காட்டும் அழைப்பெண், பட்டியலிலும் நூலின் முதுகிலும் அடுக்கின் முனையிலும் ஒரே வடிவில் அமையாவிடில், எத்தனை பலகைகள் தொங்கவிடப்பட்டாலும் பயன் சிறிதே. பகுப்பு முறையே வாசகரை அலைக்கழிப்பதும் உண்டு: டூயி தசமப் பகுப்பில் தமிழ்மொழி நூல்கள் 494.811 என்ற எண்ணிலும், தமிழ் இலக்கிய நூல்கள் 894.811 என்ற எண்ணிலும் இடம்பெறுவதால், இலக்கணமும் இலக்கியமும் அருகருகே இருக்கும் என எதிர்பார்த்து வருபவர் ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது திரும்பக்கூடும். ஆகவே பொருட்பெயரின்றி எண்ணை மட்டும் பொறித்த பலகை, நூலகருக்கு உதவுமேயன்றி வாசகருக்கு உதவாது.