இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள்

ஆலங்குளம் என்றதும் பலருக்குத் தென்காசிப் பக்கத்து ஊரே நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது விருதுநகர் மாவட்டத்திலே, மேலே கரிசலும் அடியிலே சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கிற பூமியில், சிமெண்டு ஆலையினால் வெளியூராரிடம் பெயர்பெற்ற ஆலங்குளத்தை. வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்துப் பிழைத்த இந்த வட்டாரத்திலும், இதற்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலும், ஊர் மந்தையிலோ சாவடி முன்போ உருண்டையாய், வழவழப்பாய்க் கல் ஒன்று கிடப்பதுண்டு. அதை இளவட்டக்கல் என்பார்கள். கல்யாணக்கல் என்று சொல்வோரும் உண்டு. வயலுக்கோ வீட்டுக்கோ யாதொரு பிரயோஜனமும் இல்லாத பாரம் ஒன்றைப் பிரயாசைப்பட்டுத் தூக்கி, மறுபடியும் அதே தரையில் போடுகிற இந்தச் சம்பிரதாயத்தைத் தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் எதை நாடிக் கைக்கொண்டார்கள் என்று யோசித்துப் பார்ப்பது சுவாரசியமான காரியந்தான்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறியவை ஐம்பது கிலோ அளவில் இருக்கும். பெரியவை நூறு கிலோவைத் தாண்டும். எடையைக் காட்டிலும் அதன் வடிவமே கொடியது, ஏனெனில் விரல் நுழைக்க ஒரு விளிம்போ பிடித்துக்கொள்ள ஒரு முனையோ அதிலே கிடையாது. குத்தவைத்து உட்கார்ந்து, இரு கைகளாலும் கல்லை அணைத்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தொடையில் ஏற்றி, மூச்சுப்பிடித்து எழுந்து நின்று, நெஞ்சோடு சேர்த்து உருட்டித் தோளில் ஏற்றி, பின்புறமாகக் கீழே தள்ளிவிட வேண்டும். தோள்வரை கொண்டுபோனவனுக்கு ஒரு மரியாதை, நெஞ்சோடு நின்றவனுக்கு ஒரு மரியாதை, முழங்காலிலேயே நழுவவிட்டவனுக்கு அன்று முழுதும் பரிகாசம். கைப்பிடிக்கென்று சொரசொரப்பாகக் கடைந்த இரும்புக் கம்பியில் பழகியவர்களும் இந்தக் கல்லிடம் தடுமாறுவார்கள்.

இதைத் தூக்கிய இளைஞனுக்கே பெண் கொடுப்பார்கள் என்ற கதை பிரசித்தமானது. பொங்கல் தோறும் பத்திரிகைகளும் அதைத் தவறாமல் திருப்பிச் சொல்லுகின்றன. என் அபிப்பிராயத்தில் அது பாதிக்கு மேல் பிற்காலத்து அலங்காரம். தாய்மாமன் மகள், அத்தை மகள் என்று முறைப்பெண்ணைப் பிறந்த அன்றே பேசி வைத்துவிடுகிற தேசத்தில், ஊர்ப் பொதுவில் கிடக்கிற கல்லொன்று விவாகத்தை நிச்சயிக்க எங்கே இடம் இருக்கிறது? முறை மாப்பிள்ளை கல்லைத் தூக்காவிட்டால் மாமன் பெண்ணைக் கொடுக்க மறுத்திருப்பான் என்று நம்பக் கஷ்டமாயிருக்கிறது, உறவு அறுந்துபோகுமே. ஆனாலும் கதையில் சாரமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. கலித்தொகையின் முல்லைக்கலியிலே, கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை மறுபிறப்பிலும் விரும்பாத ஆயமகளிரைக் காண்கிறோம். வலிமையைப் பெண்ணின் கண்முன்னே நிரூபிக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புராதனமானது. கல் அந்த எண்ணத்துக்கு ஒரு சாட்சி. கல்யாணத்தை நிச்சயித்தது முறைதான் என்றாலும், முறைப்பெண் தெருவோரத்தில் நின்று பார்க்கிறாள் என்பது கல்லை ஒரு சாண் அதிகமாக உயர்த்தியிருக்கும்.

பார்க்கிற கண் பெண்ணுடையதாகவே இருக்கவேண்டுமென்பதும் இல்லை. புறநானூற்றிலே போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழகுலத்தான் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். அந்தப் பாட்டில் புலவர் வேண்டுவது வேறொன்றுமில்லை: மகனோடு பகைத்துப் பிரிந்திருந்த தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்பதுதான். மல்லனை மார்பில் மண்டியிட்டு அமுக்குகிற அந்தக் கணத்திலே, சூழ நின்ற கூட்டம் அத்தனையும் மறைந்து, அங்கே வந்திராத ஒரு மனிதரே நம் கண்முன் நிற்கிறார். தேகபலத்தின் உள்நோக்கத்தை இதைவிட நுட்பமாகக் காட்டிய கவி எந்தப் பாஷையிலும் இருக்கிறாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இக்காலத்திலே வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்டிலும் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம் வென்றார். அவர் தந்தையோ பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், தாமும் எடை தூக்கியவர். தித்தனுடைய மகனுக்குக் கிட்டாத பாக்கியம் இது.

கல்லைத் தூக்கிப் பலம் காட்டுவது அயல்தேசத்தாருக்கும் புதிதன்று. ஒலிம்பியாவிலே கண்டெடுத்த 143.5 கிலோ எடையுள்ள மணற்பாறைக் கல்லொன்றில், பைபோன் என்பவன் தன்னை ஒற்றைக்கையால் தலைக்குமேல் தூக்கியதாகக் கல்லே பேசுவதுபோல வெட்டியிருக்கிறது. கிறிஸ்துவுக்கு ஆறு நூற்றாண்டு முற்பட்ட எழுத்து. பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஆசை. ஐஸ்லாந்தின் மேற்குக் கடற்கரையிலோ 23, 54, 100, 154 கிலோ என்று நான்கு கற்கள் கிடக்கின்றன. முற்காலத்தில் மீன்பிடி படகில் துடுப்பு வலிக்க வந்தவனுக்கு, 54 கிலோக் கல்லையாவது இடுப்புயரத்துக்குத் தூக்கினால்தான் வேலை கிடைத்தது. நம் ஊரிலும் இளவட்டக்கல், பையன் ஆளாகிவிட்டான் என்பதற்கு, அதாவது கமலை இறைக்கவும் பொதி சுமக்கவும் முழு ஆளாக எண்ணப்படுவதற்கு அடையாளமாயிருந்திருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். கல்யாணப் பேச்சு அதற்குப் பின்னால் தானே வரும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு நோக்கமும் சேர்ந்தது. இரும்புச் சங்கிலியை அறுத்து, யானையை மார்பின்மேல் நிற்கச் செய்து, கலியுக பீமன் என்று பெயர்பெற்ற கோடி ராமமூர்த்தி நாயுடுவைப் பார்த்த ஜனங்கள், அடிமைப்பட்ட தேசத்திலும் இப்படி ஒரு தேகம் உண்டென்று பெருமிதம் கொண்டார்கள். 1920-இல் சென்னையில் பக் துரை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபின், பலம் பள்ளிக்கூடத்துப் பாடமும் ஆயிற்று.

ஆலங்குளத்து வட்டாரத்திலோ காலம் வேறு திசையில் திரும்பியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மறுவருஷம் சிவகாசி திரும்பினார்கள்; தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்குவதும், பட்டாசுக்குத் திரி வைப்பதும், காகிதக் குழாய் சுருட்டுவதும் வீடுதோறும் பரவின. இவையெல்லாம் விரலின் வேலை. தோளுக்கு இங்கே கூலி இல்லை. கல் மந்தையில் பாதி மண்ணில் புதைந்தது. கவனிப்பாரற்றுப் போனதை வெறும் நாகரிக மோகம் என்று வைவது எனக்குச் சம்மதமில்லை. பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தவனுக்குச் சாயங்காலம் கல்லைத் தூக்க என்ன ஆசை மிஞ்சும்?

ஆயினும் வழக்கம் அடியோடு அழியவில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று இளவட்டக்கல் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கல்யாணக்கல் என்ற பெயரை வைத்துக் கதை சொல்லுகிறவர்கள் இந்தப் பெண்கள் யாரை வரிக்கத் தூக்குகிறார்கள் என்று விசாரித்தால் நல்லது.

1970-ஐ ஒட்டி ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலை வந்தபின் தோளுக்கு மறுபடி வேலை கிடைத்தது, வேறு விதத்தில். சிமெண்டு மூட்டை 50 கிலோ. லாரியில் ஏற்றுகிற லோடுமேன் சும்மாட்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நாள்தோறும் எத்தனையோ தடவை ஒரு சிறிய இளவட்டக்கல்லைத் தூக்குகிறான் என்றே சொல்லலாம். அவனை நின்று பார்ப்பார் யாரும் இல்லை. தூக்கி இறக்கியபின் கைதட்டலும் இல்லை. மூட்டைக் கணக்குத்தான் உண்டு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-இல் செய்த சிபாரிசின்படி, வயதுவந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கத்தக்க பாரம் 55 கிலோவுக்கு மிகக்கூடாது. நூறு கிலோச் சாக்குகளை முதுகில் சுமந்து முதுமையில் நிமிர முடியாமற்போன பழைய தலைமுறைச் சுமைகாரர்களுக்கு அந்த வரம்பு காலங்கடந்து வந்தது. அவர்களிலே எத்தனையோ பேர் இளவயதில் மந்தைக்கல்லையும் தோளில் ஏற்றியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.