வேகம் முந்த, எலும்பு பிந்த

வேகப்பந்து வீச்சில் திறமை வெளிப்படும் வயதும் உடல் முதிரும் வயதும் ஒன்றாக அமைவதில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை 17, 18 வயதிலேயே எட்டிவிடும் இளைஞர்கள் உண்டு. ஆனால் அந்த வேகத்தின் சுமையைத் தாங்கும் கீழ்முதுகு எலும்புகள் முழு உறுதி பெற ஏறக்குறைய 25 வயது ஆகிறது. பன்னாட்டு அரங்கில் இளவயதிலேயே நுழைந்த வேகப்பந்து வீச்சாளர் பலருடைய வாழ்க்கை இந்த இடைவெளியில்தான் நிலைத்திருக்கிறது, அல்லது முறிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் இதற்குத் தெளிவான சான்று என்றாலும், அவருக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பு அதே நாட்டு வீச்சாளர் ஒருவருக்கு நிகழ்ந்த முறிவிலிருந்து தொடங்கினால்தான் அவருடைய வரலாறு முழுமையாக விளங்கும்.

வலக்கை வீச்சாளர் ஒருவர் ஓடிவந்து பந்தை விடும் கணத்தில் அவரது இடக்கால் தரையில் ஊன்றுகிறது. அப்போது தரையிலிருந்து எழும் எதிர்விசை அவருடைய உடல் எடையைப் போல் 5 மடங்குக்கும் மேலாக இருக்கிறது. அதே கணத்தில் முதுகு பின்னுக்கு வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கவும் படுவதால், கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்புகளின் பின்புறத்தில் இடப்பக்கமுள்ள மெல்லிய எலும்புப் பாலத்தின் மீது அந்த விசை குவிகிறது. ஒரு பந்தால் எதுவும் ஆகிவிடுவதில்லை. ஓய்வு கிடைத்தால் எலும்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். சீராகும் முன்பே அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் விசை விழுந்தால் மயிரிழைபோல் ஒரு கீறல் தோன்றி, நாளடைவில் பிளவாக விரியும். அடிபடாமலே, திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும் இந்த முறிவையே விளையாட்டு மருத்துவர்கள் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்கின்றனர்.

1971 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 21 வயதில் டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கிய ஆஸ்திரேலிய வீச்சாளர் டென்னிஸ் லில்லி, முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட்டுகளை வீழ்த்தி, அடுத்த ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 31 விக்கெட்டுகளை எடுத்து, உலகின் அச்சந்தரும் வீச்சாளர்களில் ஒருவராகிவிட்டார். 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது அவரது கீழ்முதுகில் இத்தகைய முறிவுகள் கண்டறியப்பட்டன. அக்காலத்தில் இதற்குத் தேறிய சிகிச்சை முறை ஏதும் இல்லாததால், அவருடைய உடற்பகுதி முழுவதும் வாரக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் வைக்கப்பட்டது. கட்டைப் பிரித்த பிறகு, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பைக் அவருக்கெனப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் வலுப்படுத்தி, ஓட்டத்தையும் வீச்சையும் படிப்படியாகக் கூட்டிய அத்திட்டத்தின் பயனாக, 1974-75 ஆஷஸ் தொடரில் லில்லி மீண்டு வந்து ஜெஃப் தாம்சனுடன் சேர்ந்து இங்கிலாந்தைக் கலங்கடித்தார். 1984இல் ஓய்வு பெறும்போது 70 டெஸ்டுகளில் 355 விக்கெட்டுகள் என்பது அன்றைய உலகச் சாதனையாக இருந்தது.

லில்லியின் மீட்சி ஒரு தனிமனிதரின் மனவுறுதிக்குச் சான்றாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. வரலாற்று நோக்கில் அதைவிட முக்கியமானது, பெர்த் நகரில் அது ஓர் ஆய்வு மரபுக்கு வழிவிட்டது என்பதே. டேரில் ஃபாஸ்டர், புரூஸ் எலியட் முதலானோர் இளம் வீச்சாளர்களைப் படமெடுத்து, அவர்கள் பந்து வீசும் முறைகளை வகைப்படுத்தினர். தோளும் இடுப்பும் பக்கவாட்டில் திரும்பியிருப்பது ஒரு முறை, இரண்டும் பேட்ஸ்மேனை நேர்நோக்கியிருப்பது மற்றொரு முறை. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் இருக்க, பந்தை விடுமுன் தோளை மட்டும் திருகிக்கொள்ளும் கலப்பு முறையே முதுகுக்குக் கேடு என்பதை, 82 இளம் வீச்சாளர்களை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து 1989இல் வெளியான அவர்களது ஆய்வு வலியுறுத்தியது. எத்தனை ஓவர் வீசலாம் என்பதற்கு வயதுவாரியான வரம்புகள் பின்னர் பல நாடுகளில் வந்தன. இங்கிலாந்து வாரியம், 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தொடர்ச்சியாக 5 ஓவர்களுக்கு மேல் வீசக் கூடாது என்று விதித்தது.

பாகிஸ்தான் வேறு வழியில் சென்றது. வேகம் தென்பட்ட இடத்தில் வயதைப் பாராமல் நாட்டின் அணிக்கே அழைத்துவிடும் துணிச்சல் அங்கிருந்தது. 1985இல் நியூசிலாந்தில் 18 வயது வாசிம் அக்ரம் தமது இரண்டாவது டெஸ்டிலேயே 10 விக்கெட் வீழ்த்தினார். 1989இல் ஆகிப் ஜாவேத் 16 வயதில் டெஸ்ட் அணிக்குள் வந்தார். சச்சின் டெண்டுல்கர் அறிமுகமான அதே கராச்சி டெஸ்டில்தான் வக்கார் யூனிஸும் அறிமுகமானார். இந்த மரபு உலகுக்கு அளித்த வீச்சாளர்களின் வரிசை பொறாமைப்படத்தக்கது. ஆனால் அதன் விலையும் கண்கூடானது. முதுகு முறிவின் காரணமாக வக்காரால், பாகிஸ்தான் கோப்பையை வென்ற 1992 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போயிற்று.

பெர்த்தின் அறிவு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த துறைமுகம் சென்னை. டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். 1987இல் தொடங்கிய வேகப்பந்து அறக்கட்டளைக்கு லில்லியே இயக்குநரானார்; சேத்துப்பட்டில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில், முன்னாள் இந்திய வீச்சாளர் டி.ஏ.சேகரின் துணையுடன் பயிற்சி நடந்தது. சுழலையே நம்பியிருந்த ஒரு நாட்டில் ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எனப் பலர் அங்கிருந்து மேலேறினர். இலங்கையின் சமிந்த வாஸும் ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்தும் அங்கு பயின்றவர்களே. வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு வந்த சிறுவன் டெண்டுல்கரை, பேட்டிங்கில் கவனம் செலுத்துமாறு லில்லி திருப்பி அனுப்பியதும் இங்குதான். அந்த அறக்கட்டளை இந்திய கிரிக்கெட்டுக்குச் செய்த மிகப் பெரிய தொண்டு அதுவே என்று சொன்னாலும் தகும்.

இவ்வளவு அறிவும் சேர்ந்திருந்த ஆஸ்திரேலியாவில்தான் 1993 மே 8 அன்று கம்மின்ஸ் பிறந்தார். சிறுவயதில் கதவிடுக்கில் சிக்கி அவரது வலக்கை நடுவிரலின் நுனி துண்டிக்கப்பட்டதால், பந்தைப் பிடிக்கும் இரு விரல்களும் ஏறக்குறைய ஒரே நீளமாகிவிட்டன. 2011 மார்ச்சில், 18 வயது நிறையும் முன்பே, ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டின் இறுதி ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக அவர் 65 ஓவர்கள் வீசினார்; சிறுவர்களுக்கு ஓவர் வரம்பு விதித்த ஒரு காலத்தில் இது நடந்தது என்பது நம்புதற்கரியது. அதே ஆண்டு நவம்பரில் ஜொகானஸ்பர்க்கில், தமது நான்காவது முதல்தர ஆட்டத்திலேயே டெஸ்ட் தொப்பியைப் பெற்று, இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து, 310 என்ற இலக்கைத் துரத்திய அணி 8 விக்கெட் இழந்து தத்தளித்தபோது வெற்றி ரன்னையும் அடித்து, ஆட்ட நாயகனானார். ஆஸ்திரேலியாவுக்கு அவரைவிடக் குறைந்த வயதில் டெஸ்ட் ஆடியவர் 1953இல் அறிமுகமான இயன் கிரெய்க் மட்டுமே.

அடுத்த டெஸ்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில். இடையில் முதலில் குதிகாலும், பிறகு 2012, 2013, 2015 ஆண்டுகளில் முதுகும் அவரைக் கிடத்தின. இடையிடையே குறுகிய ஆட்டங்களில் மட்டும் இறக்கப்பட்டார். பெர்த்துக்கு அனுப்பப்பட்டு, வீசும் முறையை லில்லியின் பார்வையிலேயே திருத்திக்கொண்டார். ஆடாத ஆண்டுகளிலும் ஆஸ்திரேலிய வாரியம் அவரைக் கைவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மேற்கிந்தியத் தீவுகளின் இயன் பிஷப் 1991இலும் 1993இலும் இதே முதுகு நோயால் வீழ்ந்து, மீண்டு வந்தபோது பழைய வேகத்தைத் தொலைத்திருந்தார். நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் 18 டெஸ்டுகளோடு நின்றுவிட்டார். திறமையில் இவர்கள் கம்மின்ஸுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஓர் இளைஞரின் எலும்பு முதிரும் வரை ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை பணமும் ஆள்வளமும் உள்ள அமைப்புக்கே எளிது என்பதால், இளம் வேகப்பந்து வீச்சாளரின் வெற்றியை அவரது உழைப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது அரைகுறை வரலாறாகும்.

அந்த 2017 மார்ச் டெஸ்டில், இந்தியாவின் ராஞ்சியில், காயமுற்ற மிட்செல் ஸ்டார்க்குக்கு மாற்றாக இறங்கியபோது கம்மின்ஸுக்கு வயது 23. உயிரற்ற ஆடுகளத்தில் 39 ஓவர்கள் வீசி, விராட் கோலி உட்பட 4 பேரை வெளியேற்றினார்; முதுகு தாங்கியது. அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய ஆஷஸ் தொடரின் 5 டெஸ்டுகளிலும் ஆடி 23 விக்கெட் எடுத்தார். 2021இல் அணித்தலைவராகி, 2023இல் டெஸ்ட் சாம்பியன்ஷிப்பையும் ஒருநாள் உலகக் கோப்பையையும் வென்று, 2025 ஜூனில் லார்ட்ஸில் 300ஆவது டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார். அதன்பின் சில மாதங்களிலேயே கீழ்முதுகு எலும்பில் மீண்டும் அழுத்தத்தின் அறிகுறி கண்டறியப்பட்டதால், அந்த நவம்பரில் பெர்த்தில் தொடங்கிய ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்டில், 32 வயது அணித்தலைவர் ஆடவில்லை.