உணர்ச்சியும் உடலும்: ஓர் உளவியல் விவாதத்தின் வரலாறு

எழுப்புதல் கூட்டங்களில் கண்ணீர் விடுவோரையும் உடல் நடுங்குவோரையும் காணும்போது, ஆயர்கள் இருவேறு முடிவுகளுக்கு வருவதுண்டு. இது ஆவியானவரின் செயலே என்பர் சிலர்; வெறும் நரம்புக் கிளர்ச்சியே என்பர் வேறு சிலர். இரு சாராரும் உடலின் அசைவைக் கொண்டே உள்ளத்தின் நிலையைத் தீர்ப்பிடுகின்றனர். இவ்வாறு தீர்ப்பிட இயலுமா? உணர்ச்சிக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பைக் குறித்து உளவியலார் நூறாண்டுக் காலம் நிகழ்த்திய விவாதம் இவ்வினாவிற்கு ஒளி தருவதாகும். அதனை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

துயருறுவதால் அழுகிறோம், அஞ்சுவதால் ஓடுகிறோம் என்பதே பொதுக் கருத்து. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் 'மைண்ட்' என்னும் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். கரடியைக் கண்டதும் உடல் தானாகவே நடுங்குகிறது. அந்நடுக்கத்தை நாம் உணர்வதே அச்சம் என்றார். நெஞ்சின் படபடப்பையும் மூச்சின் விரைவையும் கைகால்களின் தளர்ச்சியையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால், எஞ்சி நிற்பது உணர்ச்சியன்று, குளிர்ந்த அறிவு மட்டுமே என்பது அவர்தம் வாதம். 1885இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் கார்ல் லாங்கே, இரத்தக் குழாய்களின் சுருக்கத்தையும் விரிவையும் அடிப்படையாகக் கொண்டு இதனை ஒத்த முடிவிற்கு வந்தார். எனவே இக்கொள்கை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று.

ஜேம்ஸ் கற்பித்த அதே ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்தே இதற்கு வலிமையான மறுப்பு எழுந்தது. உடலியல் பேராசிரியர் வால்ட்டர் கேனன் 1927இல் முன்வைத்த தடைகளுள் மூன்று நமக்கு இன்றியமையாதவை. முதலாவது, அச்சத்திலும் சினத்திலும், ஏன், காய்ச்சலிலுங்கூட உள்ளுறுப்புகளில் ஏறத்தாழ ஒரே மாற்றங்களே நிகழ்கின்றன; அவ்வாறாயின் அவை எவ்வாறு வெவ்வேறு உணர்ச்சிகளைத் தோற்றுவிக்கும்? இரண்டாவது, அம்மாற்றங்கள் மெதுவானவை. உணர்ச்சியோ அவற்றை முந்திக்கொள்கிறது. மூன்றாவது, அம்மாற்றங்களைச் செயற்கையாக உண்டாக்கினாலும் உணர்ச்சி பிறப்பதில்லை. இம்மூன்றாம் தடைக்கு 1924இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரெகோரியோ மாரன்யோன் வெளியிட்ட ஆய்வு துணைநின்றது. அட்ரினலின் ஊசி பெற்றவர்களுள் பெரும்பாலோர் உடலின் படபடப்பை மட்டுமே உரைத்தனர். சிலர் அஞ்சுவது 'போல' இருக்கிறது என்றனரேயன்றி, அஞ்சுகிறோம் என்று கூறவில்லை.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே ஒரு வழியை 1962இல் ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் ஆகியோர் கண்டனர். மாணவர்களிடம் வைட்டமின் ஊசி என்று கூறி அட்ரினலினைச் செலுத்தினர். சிலருக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டது. பின்னர் மகிழ்ச்சியாகவோ சினமாகவோ நடிக்கும் ஒருவரோடு மாணவர் இருத்தப்பட்டனர். காரணம் அறியாதோர், அறிந்தோரைவிட அந்நடிகரின் மனநிலைக்கு எளிதில் உட்பட்டனர் என ஆய்வாளர் உரைத்தனர். உடல் கிளர்ச்சியை அளிக்கிறது. அதற்குப் பெயரிடுவதோ, சூழலைக் கண்டு பொருள் கொள்ளும் மனம் என்பது அவர்கள் கொள்கை.

விவாதம் இத்துடன் முடியவில்லை. 1979இல் வெளிவந்த மறுஆய்வுகள் இம்முடிவுகளை உறுதிப்படுத்தவில்லை. 1983இல் பால் எக்மனும் உடனாய்வாளரும், சினத்தில் விரல்களின் வெப்பம் அச்சத்தில் உள்ளதைவிட மிகுகிறது என்பன போன்ற வேறுபாடுகளைக் கண்டனர். ஆகவே கேனன் எண்ணியதுபோல் உடல் முற்றிலும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. எனினும், உடற்குறிகளை மட்டும் கொண்டு ஒருவரின் உள்ளத்தை ஐயமறப் படித்தறியும் முறை எதையும் இவ்வாய்வுகள் நமக்குத் தரவில்லை.

திருச்சபைக்கு இவ்வினா புதியதன்று. ஜேம்ஸ் எழுதுவதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே, அமெரிக்கக் குடியேற்றங்களில் உண்டான பெரும் எழுப்புதலை நேரில் கண்ட நார்தாம்ப்டன் ஆயர் ஜொனத்தான் எட்வர்ட்ஸ், சமய உணர்வுகளைக் குறித்து 1746இல் ஒரு நூல் வெளியிட்டார். உடலில் தோன்றும் பெரும் விளைவுகள், ஓர் உணர்வு கடவுளால் உண்டானது என்பதற்கும் சான்றாகா, அன்று என்பதற்கும் சான்றாகா என்பது அவர் தீர்ப்பு. வாழ்க்கையில் விளையும் கனியையே அவர் தலையாய அடையாளமாகக் கொண்டார். 1902இல் வெளியான தம் சமய அனுபவ நூலில் ஜேம்ஸும், அனுபவத்தின் மதிப்பை அதன் உடற்காரணத்தால் அன்றி அதன் கனியாலேயே அளக்க வேண்டுமென வாதிட்டு, எட்வர்ட்ஸின் நூலை இதற்குத் துணையாகக் காட்டினார்.

உடலை இகழ்வதற்கும் நமக்கு இடமில்லை. நற்செய்தி நூல்களில் இயேசு 'மனதுருகினார்' என நாம் வாசிக்கும் இடங்களில் உள்ள கிரேக்க வினைச்சொல், உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லின் அடியாகப் பிறந்தது. அவ்வுருக்கம் பசித்தோரைப் போஷிப்பதிலும் பிணியாளரைத் தொடுவதிலும் நிறைவெய்தியது. ஆதலால் கண்ணீரைக் கண்டு அவசரமாய்ச் சான்றிதழ் வழங்குவதும், கண்ணீர் விடாதோரைக் கடினமுள்ளோர் என எண்ணுவதும் ஆயருக்குத் தகாது. அழுதவரோடும் அழாதவரோடும் அடுத்த வாரமும் அடுத்த ஆண்டும் உடன்நடந்து, கனி தோன்றும் காலம்வரை பொறுமையோடு காத்திருப்பதே நம் பணி.