உறி, சாக்கு, சாம்பல்: போனக்காட்டு லயத்துப் பூனைகள்

போனக்காட்டு லயத்து வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு திண்ணை. அதற்குள் ஐந்தாறு பேர், ரேஷன் அரிசி, கொழுந்துக் கூடை, மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பிளி, ஒரு பூனை. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா தாண்டி மலையேறினால் வரும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். என் ஆச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவள். போனக்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் துரை பங்களாவைப் பற்றி எழுதுகிறார்கள். அங்கே பேய் உலாவுகிறது என்று கதை கட்டுகிறார்கள். லயத்துக்குள் பெண்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு சின்னப் பகுதியையாவது, பூனையோடு காலம் தள்ளிய விதத்தையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அரிசி இருந்தால் எலி வரும். எலிக்காகப் பூனை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நாட்டைச் சூறையாடியபோது, அமராவதிப் பக்கம் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற அரசு மருத்துவ அதிகாரி, பூனைகள் நிறைந்த ஊர்களில் நோய் குறைவு என்று கண்டு பூனை வளர்க்கச் சொல்லி எழுதினார். எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் போனக்காட்டில் பூனையை இரவில் வெளியே விட முடியாது. மேலே 1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். கீழே 1983-ல் சரணாலயமான பேப்பாறைக் காடு. இருட்டினால் சிறுத்தை லயத்தடி வரைக்கும் வரும். நாயைத் தூக்கும், பூனையையும் விடாது. அதனால் விளக்கு வைத்ததும் பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவோம். அந்தியும் விடியலும்தான் பூனை வேட்டைக்குக் கிளம்பும் நேரம். சரியாக அந்த நேரத்தில் அதை ஒற்றை அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? கூடையைக் கவிழ்க்கும், கம்பிளியைப் பிறாண்டும், படுத்திருப்பவர் வயிற்றின்மேல் ஓடும்.

பெரிய பயம் விளக்குதான். சிம்னி விளக்கு தரையிலோ ஜன்னல் திண்டிலோ இருந்தால் ஒரு தாவலில் உருண்டுவிடும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் லயம் முழுக்கப் போகும். ஒரே கூரை, இடையில் சுவர் மட்டும். விளக்கைக் கைக்கெட்டும் உயரத்தில் ஆணியடித்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவது எங்கள் வரிசையில் எழுதாத சட்டமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரி உள்ளே வந்தால் முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்ப்பாள்.

அடுக்களையில் ஆட்சி செய்தது உறி. ஆச்சி கட்டிய உறி இன்னும் கண்ணில் நிற்கிறது. தேங்காய் நாரைத் திரித்து மூன்று புரியாக இறக்கி, அடியில் சட்டி உட்காரும் அளவுக்குப் பிரிமணை. மேலே மூன்றும் சேரும் இடத்துக்குச் சற்று உயரத்தில் ஒரு சிரட்டையைக் குப்புறக் கோத்திருப்பாள். உத்திரத்திலிருந்து கயிறு வழியே இறங்கும் எலியும் பூனையும் அந்தச் சிரட்டையில் கால் வழுக்கித் திரும்பிவிடும். சுவரிலிருந்து எட்டித் தாவ முடியாதபடி அறைக்கு நடுவே தொங்கும். கண்ணன் வெண்ணெய் திருடிய கதையிலும் உறியடித் திருவிழாவிலும் நாம் அறிந்த அதே பொருள்தான். எங்கள் வீட்டில் அதில் பாலும் கருவாடும் இருக்கும். கீழே வைத்தே ஆகவேண்டிய மீன்சட்டியின் மூடிமேல் அம்மிக்குழவி ஏறிவிடும்.

நான் சின்னவளாக இருந்தபோது பால் கொட்டிய பூனையை விளக்குமாற்றால் அடிக்கப் போனேன். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குப் புத்தி சொல்லாதட்டி. பாலை எடுத்து மேல வை.”

அந்தப் பெண்கள் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த எண்ணம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தெனாலிராமன் சூடான பாலை வைத்துப் பூனையை வெருட்டிய கதை லயத்திலும் உண்டு. ஆனால் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வெருண்ட பூனை எலி பிடிக்காது. ஒளிந்து ஒளிந்து கண்ட இடத்தில் அசுத்தம் செய்யும்.

நகத்துக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பூனை பிறாண்டுவது நகத்தின் பழைய உறையை உதிர்க்கவும், தன் வாசனையைப் பதிக்கவும். அதை நிறுத்த முடியாது. திண்ணைத் தூணில் ஆளுயரத்தில் பாதிக்குப் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள், கம்பிளி தப்பிக்கும். அந்தியில் பிள்ளைகள் கயிற்று நுனியில் கோழி இறகைக் கட்டி இழுத்து விளையாடுவோம். பூனை மூச்சிரைக்க ஓடிப் பாய்ந்த பிறகு மீன்தலை கிடைக்கும். தின்றுவிட்டு உடம்பை நக்கிப் படுத்துவிடும். ஓடவிட்டு, ஊட்டி, தூங்கவிடு என்று இன்றைய கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதே வரிசைதான்.

சாம்பலுக்கு வருகிறேன். அடுப்பெரிக்கக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் கிடைக்கும். அதன் சாம்பலை ஆறவைத்துச் சலித்து, உடைந்த தேயிலைப் பெட்டியின் அடிப்பாகத்தில் விரல் ஆழத்துக்குப் பரப்பி, கதவுக்குப் பின்னால் வைப்பார்கள். காலையில் அள்ளிக் காய்கறிப் பாத்தியில் போடுவார்கள். ஈரத்தை இழுக்கும், நாற்றம் அடங்கும். ஒரே குறை, பூனை நடந்த இடமெல்லாம் சாம்பல் தடம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1947-ல் ஒரு பெண்ணுக்கும் இதே தொல்லை. மணல் உறைந்துபோனதால் சாம்பலைப் போட்டு, வீடெல்லாம் தடமாகிப்போக, அக்கம்பக்கத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் வந்து மணல் கேட்டாள். அவர் எண்ணெய் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்துப் பார்த்தார். இன்று கடையில் விற்கும் பூனை மண் அங்கே பிறந்தது.

பூனை செய்த சேதத்தின் தடயங்கள் வெகு பழையவை. சிந்துச் சமவெளியின் சான்ஹுதாரோவில் 1935-36-ல் எர்னஸ்ட் மெக்கே நடத்திய அகழ்வில், காயாத செங்கலில் ஓடிய பூனையின் தடமும் அதைத் துரத்திய நாயின் தடமும் கிடைத்தன. நெதர்லாந்தின் தேவெந்தரில் 1420 வாக்கில் ஒரு எழுத்தர், இரவில் பூனை சிறுநீர் கழித்துக் கெட்ட ஏட்டைக் கண்டு, அதே பக்கத்தில் பூனையை வரைந்து சபித்தார். பூனை வரும் இடத்தில் இரவில் புத்தகத்தைத் திறந்து வைக்காதீர்கள் என்றும் எழுதினார். கோபம் தீர்ந்ததும் அவரும் ஆச்சி சொன்ன இடத்துக்கே வந்துவிட்டார்.

போனக்காட்டில் கொழுந்தெடுப்பு நின்றது, கூலியும் நின்றது. அடுப்பில் பூனை தூங்கும் நிலை என்று தமிழில் சொல்வது அங்கே கண்ணெதிரே நடந்தது. பலர் விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் இறங்கிவிட்டார்கள். கான்கிரீட் வீட்டில் உறி மாட்ட உத்திரம் இல்லை. பூனை மட்டும் பகலிலும் உள்ளேயே இருக்கிறது.

எங்கள் லயத்துக்காரி ஒருத்தி அம்மாவுக்கு போன் செய்து, பூனை மெத்தையில் ஒன்றுக்குப் போகிறது என்று அழுதாள். “மண்ணை எங்கட்டி வச்சிருக்க?” என்று அம்மா கேட்டாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். அது சுற்றும் சத்தத்துக்குப் பூனை அண்டவில்லை. தட்டைப் படுக்கையறை மூலைக்கு மாற்றியதும் சரியானது. ஆனால் கடுவன் சுவரில் பீய்ச்சினால் இடம் மாற்றுவது போதாது. கருத்தடை செய்வதுதான் வழி. லயத்தில் அதற்கு வசதியே இருந்ததில்லை. இன்னொன்றையும் இப்போது அம்மா போன் செய்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கடுவன் மண்தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால், அதைச் சேட்டை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. நீர்ப்பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.