குதிரும் பானையும்

நம் முன்னோர்கள் ஊர்களுக்குப் பெயர் வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர் நின்ற இடத்தை ஏரி என்றார்கள், குளம் என்றார்கள். வழிப்போக்கனுக்குச் சோறு கிடைத்த இடத்தைச் சத்திரம் என்றார்கள். ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, நெடுஞ்சாலை வழியே காஞ்சிபுரத்தை நோக்கிப் போகிறவர்கள் சுங்குவார்சத்திரத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

இன்று அந்த ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. கைப்பேசியும் குளிர்சாதனப் பெட்டியும் அங்கே பிறக்கின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால், பஸ் பஸ்ஸாக இளம் பெண்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். பெரும்பாலோர் வெளியூர்ப் பெண்கள்; விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில், பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய விடுதி திறக்கப்பட்டது. சோறு கெட்டுப்போனால் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சோறு உடம்பில் ஒட்டுகிறதா என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை.

எனக்குத் தூரத்து உறவாகிற பெண் ஒருத்தி அந்தப் பக்கம் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

"பெரியப்பா, ரத்தம் பன்னிரண்டு பாயிண்ட் இருக்குன்னு சொல்லிட்டாங்க. சோகை இல்லையாம். ஆனா நாலு படி ஏறினா நெஞ்சு படபடங்குது. தலையை வாரினா முடி கொத்துக் கொத்தா வருது. வீட்டிலே சோம்பேறிங்கறாங்க."

பிறகு ஒரு டாக்டரம்மாள் அவளுக்கு இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்தார். ஃபெரிட்டின் என்று அதற்குப் பெயர். காகிதத்தில் 9 என்று வந்தது. ரத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் இரும்பு இல்லை என்றார் டாக்டரம்மாள். இது என்ன புதிர் என்று விசாரிக்கப் புகுந்தேன். விசாரணை என்னை 280 வருஷத்துக் கதைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெளுத்த உடம்புக்கும் இரும்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நம் வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். வெளுப்பு நோயைப் பாண்டு என்றார்கள், அயச்செந்தூரம் கொடுத்தார்கள். ஆனால் இரும்பு ரத்தத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தவர், இத்தாலியில் பொலோனா நகரத்து மெங்கீனி. 1746-ல் அவர் ரத்தத்தைக் காய்ச்சிச் சாம்பலாக்கி, அதன்மேல் காந்தத்தைக் காட்டினார். ரத்தத்தின் சிவப்புப் பகுதியிலிருந்து வந்த பொடி காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு சோகையை எண்ணால் சொல்ல வேண்டும் என்ற ஆசை வந்தது. 1878-ல் லண்டன் டாக்டர் கவர்ஸ், ரத்தத்தின் நிறத்தை ஒப்பிட்டு அளக்கும் ஒரு கருவி செய்தார். அடுத்து ஸ்விட்சர்லாந்துக்காரர் ஸாலியின் கண்ணாடிக் குழாய் வந்தது. ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பழுப்பு நிறம் மாதிரிக் கண்ணாடியோடு பொருந்தும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வெகு காலம் ஆட்சி செலுத்திய கருவி அது. "எத்தனை பாயிண்ட்?" என்ற கேள்வி நம் தாய்மார்கள் வாயில் புகுந்தது இப்படித்தான்.

இந்தப் பாயிண்ட் என்பது ஹீமோகுளோபின். உடம்பிலுள்ள இரும்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் சேமிப்பாக இருக்கிறது. ஹீமோகுளோபின், அடுப்பில் இருக்கும் சோற்றுப் பானை. சேமிப்பு, கூடத்து மூலையில் நிற்கும் நெற்குதிர். பஞ்சம் வந்தால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? குதிரில் கடைசிப் பிடி நெல் தீரும்வரை பானை நிறையத்தான் பொங்குவாள். எட்டிப் பார்க்கிற விருந்தாளிக்கு அந்த வீட்டில் குறையொன்றும் தெரியாது. உடம்பும் அந்த வீட்டுக்காரியைப் போலத்தான்.

பானையை மட்டும் பார்ப்பதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அதை வெளிக்கொண்டு வந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1928-ல் அவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த கர்ப்பிணிப் பெண்கள் கடும் சோகையால் மடிந்துகொண்டிருந்த சமயம் அது. 1929-ல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆராய்ச்சி தொடர்ந்தது. அந்தச் சோகை இரும்புக் குறைவால் வந்ததல்ல. ஈஸ்ட் சாரத்தில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணமாக்கியது. அதுவே பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கோஷா ஆஸ்பத்திரி இருக்கும் அதே திருவல்லிக்கேணியில், ஹிந்து ஹைஸ்கூலில் படித்தவர்.

ஆக, வெளுத்த முகம் ஒன்றுதான். காரணங்கள் வேறு வேறு. இரும்பு தீர்ந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் குதிருக்குள்தான் பார்த்தாக வேண்டும். ஆனால் பார்ப்பது லேசாக இல்லை. எலும்புக்குள் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, 1867-ல் ஜெர்மானியர் பெர்ல்ஸ் கண்ட முறையில் சாயமேற்றி, நீலப் பொட்டுகள் தெரிகின்றனவா என்று நுண்ணோக்கியில் தேட வேண்டும். ஆலைப் பெண்கள் ஆயிரம் பேருக்கு இதைச் செய்ய முடியுமா?

1937-ல் செக் நாட்டு லாஃப்பெர்கர், இரும்பைப் பொதிந்து வைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஃபெரிட்டின். அது கிடைத்தது ஒரு குதிரையின் மண்ணீரலில். குதிரின் ரகசியம் குதிரையிடம் கிடைத்தது தமிழுக்கு மட்டும் வாய்த்த வேடிக்கை! வெகு நாள் அது உறுப்புகளுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பது என்று எண்ணியிருந்தார்கள். 1972-ல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் ஜேக்கப்ஸ் முதலியோர், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் அது மிகச் சிறிய அளவில் இருப்பதை அளந்து காட்டினார்கள். சேமிப்பு கூடினால் அதுவும் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று கடன்காரனிடம் உளறிய பிள்ளையின் கதை நமக்குத் தெரியும். ரத்தத்தில் திரியும் ஃபெரிட்டின் அந்தப் பிள்ளையைப் போன்றது. உள்ளே இருப்பதை வெளியே சொல்லிவிடும். ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் சேமிப்பில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் இரும்பு என்று கணக்கு.

பிள்ளை சில வேளை பொய்யும் சொல்வான். ஜுரமோ வேறு அழற்சியோ இருந்தால், கையிருப்பு இல்லாதபோதும் எண் உயர்ந்துவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எல்லை வகுத்தபோது, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழ் என்றும், நோய்த் தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ் என்றும் இரண்டு கோடு போட்டது.

என் உறவுப் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். 9 என்றால் சேமிப்பில் சுமார் 70 மில்லிகிராம். பெண்களுக்குச் சாதாரணமாக 300 மில்லிகிராம் வரை இருக்கலாம். மாதாமாதம் உதிரத்தில் 15, 20 மில்லிகிராம் போகிறது. நாளை அவள் கர்ப்பமுற்றால், பிரசவம் முடியும்வரை வேண்டியிருக்கும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம்! பானை நிறைந்திருக்கிறது என்று நாம் திருப்தியோடு அனுப்பிவைத்த பெண், பத்தே மாதத்தில் ஆபத்தில் நிற்பாள். சோம்பேறிப் பட்டம் போதாதென்று இதுவும்.

நம் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1970-ல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைத் திட்டம் தொடங்கிற்று. டில்லியிலும் வேலூரிலும் கர்ப்பிணிகளுக்குப் பல அளவுகளில் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 1975-ல் வெளியாயிற்று. இத்தனைக்குப் பிறகும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. குழந்தைகள், இளவயதினர் விஷயத்திலாவது 2016–18-ல் ஒரு தேசிய ஆய்வு குதிருக்குள் எட்டிப் பார்த்தது. பதின்வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்குச் சோகை, 31 பேருக்கு இரும்புக் குறைவு என்று அது கண்டது. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. சோகை உள்ள எல்லோருக்கும் குறைவது இரும்பு அல்ல. இரும்பு குறைந்த எல்லோருக்கும் சோகை வந்துவிடவில்லை.

ஊரிலுள்ள எல்லோருக்கும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். ஏழை நாட்டில் மாத்திரையே முதலில் போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு வீணாகிறது என்பதையும், ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அது உடம்பில் ஒட்டுகிறது என்பதையும் சொல்ல ஒரு காசும் வேண்டாம். ஆனால் ஒரு பெண் வந்து, "அசதியாக இருக்கிறது" என்று சொல்லும்போது, "பன்னிரண்டு பாயிண்ட் இருக்கிறதே, உனக்கு என்ன கேடு?" என்று திருப்பி அனுப்புவது நியாயமல்ல.

சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலைகளில் ஸ்டோர் என்று ஒரு பகுதி உண்டு. எந்தத் திருகாணி எத்தனை மீதி என்று அங்கே கணக்கு இருக்கும். இயந்திரம் நின்ற பிறகு ஸ்டோரைத் திறந்து பார்க்கிற மானேஜரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். அந்த இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணின் ஸ்டோரை மட்டும், அவள் மயங்கி விழுந்த பிறகு திறந்து பார்க்கலாம் என்று நாம் இருக்கலாமா?