நம்ம ரத்தமே மருந்தான கதை (சின்ன இழை)

1/ டூட்டி முடிஞ்சு அசோக் நகர் டீக்கடையில நின்னப்போ தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் கேட்டார்: "தம்பி, ரத்தப் புற்றுநோய்க்கு நம்ம ரத்தத்துலேயே மருந்து செய்றாங்களாமே, நிஜமா?" நிஜம்தாண்ணே. கதை பெருசு, சுருக்கமா சொல்றேன்.

2/ கிருமியை அழிக்கிற டி செல் நம்ம எல்லார் ரத்தத்துலயும் இருக்கு. ஆனா லுகேமியா செல் நம்ம உடம்புலேயே பிறந்தது. பல நேரம் டி செல்லுக்கு அது எதிரின்னே தெரியாது.

3/ அதனால டி செல்லை வெளியே எடுத்து, புது மரபணு ஏத்தி, புற்று செல் மேல இருக்கிற சிடி19 புரதத்தைப் பிடிக்கிற கொக்கியை முளைக்க வெச்சு, பெருக்கி, திரும்ப உடம்புல ஏத்துறாங்க. இதுதான் கார்-டி சிகிச்சை.

4/ 2012 ஏப்ரல், அமெரிக்காவின் பிலடெல்பியா. எமிலி வைட்ஹெட், 6 வயசு. லுகேமியா ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. கார்-டி செல் ஏத்தினதும் கடும் காய்ச்சல், வென்டிலேட்டர். பிழைப்பது சந்தேகம்னு நிலைமை.

5/ ரத்தத்துல ஐஎல்-6 எகிறியிருந்தது. அதை அடக்க, மூட்டுவாதத்துக்குக் குடுக்கிற டோசிலிசுமாப் போட்டாங்க. ஆமா, கொரோனா ரெண்டாவது அலையில ஊரே தேடி அலைஞ்ச அதே ஊசி! எமிலி தன் 7வது பிறந்தநாளில் கண் விழிச்சா. புற்றும் மறைஞ்சது.

6/ 2017இல் அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. விலை 4,75,000 டாலர். அப்போதைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய்.

7/ நம்ம ஊர்ல? ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து சொந்தமா உருவாக்கினாங்க. 2021 ஜூன் 4, மும்பையில் முதல் நோயாளிக்கு ஏத்தினாங்க. 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19க்கு அனுமதி.

8/ சோதனையில் 64 பேர். பலனை மதிப்பிட முடிஞ்ச 51 பேரில் 37 பேருக்கு நோய் கட்டுப்பட்டது. சிகிச்சையாலேயே 2 பேர் இறந்தாங்க. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

9/ விலை பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கியும் சுமார் 40 லட்சம். ஆட்டோ ஓட்டுறவருக்கு அதுவும் 3 கோடி மாதிரிதான். வேலூர் சிஎம்சியில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே செல்லைத் தயாரிச்சு சோதிச்சிருக்காங்க. செலவு இன்னும் குறைய இதுவும் ஒரு வழி.

10/ ஒரு வேண்டுகோள். இது மத்த சிகிச்சைக்கு அடங்காத, திரும்பி வந்த சில வகைப் புற்றுக்கு மட்டும்தான். குழந்தைகளோட லுகேமியா பெரும்பாலும் கீமோவிலேயே குணமாகும். இதுக்காகக் காத்திருந்து கீமோவை நிறுத்திடாதீங்க.