கட்டுச்சோறும் குளிர்நீரும்

கோடை விடுமுறை வந்ததும் நம் தங்கவயல் குடும்பங்கள் அந்தரகங்கை மலைக்கோ பங்காரு திருப்பதிக்கோ ஒருநாட் பயணம் புறப்படுவது வழக்கம். கொண்டுசெல்லும் உணவு கெடாமலும் குடிநீர் சூடேறாமலும் இருக்கவேண்டுமே என்பதுதான் அப்போது எழும் முதற் கவலை. இன்று பனிக்கட்டியிட்ட பெட்டி அக்கவலையைத் தீர்த்துவிடுகிறது. ஆயினும், குளிர்ச்சியைத் தேடி மாந்தர் நடந்த வழி நெடியது. அதன் ஒரு கிளை நம் சுரங்கத்தின் அடியாழம் வரை சென்றுள்ளது.

வேனிற்காலத்தில் வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வார்த்தலைத் தமிழர் அறமாகவே கொண்டனர். திங்களூரில் அப்பூதியடிகள், திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்த செய்தியைப் பெரியபுராணத்தில் காண்கிறோம். ஏழைக்கும் எட்டிய குளிர்பொறி மட்பானையே. அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. இரயிலில் செல்வோர் கூஜாவுக்கு ஈரத்துணி சுற்றியதும் இதே நுட்பத்தால்தான்.

உணவைக் குளிரவைக்க வழியில்லாதபோது, குளிர்ச்சி வேண்டாத உணவையே நம் அன்னையர் சமைத்தனர். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை எளிதில் கெடுவதில்லை. காய்ச்சிய பாலை நிறைய விட்டு, சிறிதே தயிர் கலந்து பிசைந்த சோறு, உண்ணும் வேளையில் புளிக்காமல் பதமாயிருக்கும்.

அரசர்க்கோ வேறு வழிகள் இருந்தன. அக்பரின் அரண்மனையில் வெடியுப்புக் கரைத்த நீரில் குடிநீர்க் கலத்தைச் சுழற்றிக் குளிர்வித்தனர் என்றும், அவர் லாகூரில் தங்கிய காலத்தில் மலைநாட்டுப் பனியைத் தருவித்தனர் என்றும் அயினி அக்பரி கூறுகிறது. பின்னர், பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர் ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலேற்றினார். 1833-இல் டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது 100 டன் அளவு எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் அவ்வணிகர் எழுப்பிய ஐஸ் ஹவுஸில்தான் 1897-இல் விவேகானந்தர் தங்கினார். அது இன்று விவேகானந்தர் இல்லம். 1870-களில் நீராவிப் பொறியால் சென்னையிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கவே, கப்பல் வாணிகம் மறைந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கம் தோண்டினர். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் அவற்றில் இறங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்குப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்தது. தூசியை அடக்கத் தெளித்த நீரால் காற்றிலும் ஈரம் மிகுந்தது.

இங்கே ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். மட்பானை கசிந்து குளிர்வதுபோலவே மனித உடலும் வியர்த்துக் குளிர்கிறது. ஈரக்காற்றில் இரண்டும் தோற்றுப்போகும். வியர்வை வழியும்; உடல் குளிராது. ஆகவேதான் பெரும் பொறிகளால் காற்றைக் குளிர்வித்துச் சுரங்கத்துள் செலுத்த நேர்ந்தது. பிறர்க்குக் குளிர்ச்சி இன்பமாயிருந்தது. நம் முன்னோர்க்கு அஃது உயிர்மூச்சாயிருந்தது.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேட்டுநிலத்து வறண்ட காற்று மட்டும் மாறவில்லை. கடலோரச் சென்னையைவிட இங்கு மட்பானை நன்றாகவே குளிரும். அதற்காகப் பாலையும் மீனையும் ஈரத்துணியை நம்பி எடுத்துச்செல்லலாகாது. அவற்றுக்குப் பனிக்கட்டியே தகும். குடிநீர்க்கோ, நிழலும் காற்றோட்டமும் ஈரத்துணி சுற்றிய கூஜாவும் போதும்.

அடுத்த பயணத்தில் மரநிழலில் அமர்ந்து குளிர்நீர் பருகும்போது, ஆழத்தில் வியர்த்த நம் பாட்டன்மாரை நம் சிறுவர்க்குச் சொல்லுவோமாக.